அன்பே இல்லாமல் செய்கிற வேலை அன்பாகுமா?

செம்பருத்தி | திங்கள், இரவு 11.48

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் இல்லை. கண் மட்டும் நான் எங்கே போனாலும் கூடவே வரும். காலை 5 மணிக்கு எழுந்து உடம்பு துடைத்து, ரப்பர் ஷீட் மாற்றி, கஞ்சி வடிகட்டிக் கரண்டியால் ஊட்டி, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். ராத்திரியும் அப்படித்தான். வீட்டுக்காரர் கடை அடைத்து வரும்போது பத்தாகிவிடும். நாத்தனார் மாதம் ஒரு தடவை வந்து அழுதுவிட்டுப் போவார். கொழுந்தன் சென்னையில் இருக்கிறார், பணம் அனுப்புவார்.

இது லெந்து காலம் இல்லையா, இயேசுவின் பாடுகளை நினைக்கிற நாட்கள், நேற்று சபையில் பிரசங்கம் அன்பைப் பற்றி. "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை" என்ற வசனம். நடுவில், "நம்ம சபையிலேயே ஒரு மருமகள் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

ஏனென்றால் அன்று காலையில்தான், மாற்றிய பத்தாவது நிமிஷத்திலேயே மறுபடி நனைந்திருந்த விரிப்பை நான் வெடுக்கென்று இழுத்தேன். அத்தையின் தலை கட்டில் சட்டத்தில் இடித்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பார்க்காத மாதிரி அடுக்களைக்குப் போய்விட்டேன். அந்த அவசரத்தில் கஞ்சி சட்டி சரிந்து மணிக்கட்டில் கொட்டியிருக்கிறது. ஊட்டி முடித்துப் பாத்திரம் விளக்கும்போது சோப்பு பட்டு எரிந்த பிறகுதான் கவனித்தேன். அது பெரிய விஷயம் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அத்தை மேல் அன்பு கிடையாது. கல்யாணமான புதிதில் என் அம்மா சுட்டுக்கொண்டு வந்த அதிரசத்தை என் கண் முன்னாலேயே மாட்டுக்கு வைத்தவர் அவர். அம்மா இப்போது இல்லை. அந்தத் தட்டை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

"என் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தாலும், அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை" என்று 1 கொரிந்தியர் 13இல் இருக்கிறதே. அப்படியானால் இந்த மூன்று வருடமும் எந்தக் கணக்கில் போகும்? தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.


பனையோலை | திங்கள், இரவு 11.59

அக்கா, இப்போது ஒன்றும் யோசிக்க வேண்டாம். அந்தக் கைக்கு மருந்து போட்டீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.


பழைய_ஏர் | செவ்வாய், காலை 6.20

மகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், சபையில் அவ்வப்போது செய்தி கொடுக்கிறவன். உன் கேள்வி நல்ல கேள்வி.

நீ சொன்ன அதிகாரத்தையே இன்னும் நாலு வரி தள்ளிப் படி. அன்பு நீடிய சாந்தமும் தயவும் உள்ளது என்று தொடங்கி, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்றுதான் அதை எழுதிய பவுல் சொல்லிக்கொண்டு போகிறார். நெஞ்சு எப்படி உருகும் என்று ஒரு வார்த்தை இல்லை. யோவானும் தன் நிருபத்தில், நாவினால் அல்ல, கிரியையினால், அதாவது செயலால், அன்புகூருங்கள் என்கிறார். நீ கிரியை செய்கிறாய். உருக்கம் வரவில்லையே என்று கலங்காதே.

கொல்லிமலையில் இருந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரி. இங்கிலாந்தில் வசதியான வீட்டில் 1879இல் பிறந்தவர். கணவர் ஜெஸ்ஸி பிராண்டோடு மலைக்குப் போனார். இன்று 70 கொண்டை ஊசி வளைவோடு ரோடு இருக்கிறது, அன்று நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். மலையில் எங்கும் காய்ச்சல். நரம்புச் சிலந்திப் புழு காலில் இருந்து வெளியே வரும், அதை உள்ளே அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியில் சுற்றி எடுக்க வேண்டும். இருவரும் அந்த வேலையைச் செய்தார்கள். தண்ணீரில் இறங்கி எடுக்கிற கிணறு எப்படிப் புழுவைப் பரப்புகிறது என்று ஊர் ஊராகப் போய் விளக்கினார்கள். வருடக்கணக்கில் அவர்கள் சொன்ன நற்செய்தியை யாரும் ஏற்கவில்லை. அவர்களை எதிர்த்துக்கொண்டிருந்த ஒரு பூசாரி காய்ச்சலில் விழுந்தபோது அவர் பக்கத்தில் போக ஊரே பயந்தது. போய் நின்றவர்கள் இவர்கள்தான். சாகும் தறுவாயில் அவர் தன் பெண் குழந்தையை இவர்கள் கையில்தான் ஒப்படைத்தார்.

1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். அந்த அம்மா துக்கத்தோடு இங்கிலாந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். எழுபதை நெருங்கும்போது மிஷன், வயதாகிவிட்டது, போதும் என்று ஓய்வு கொடுத்தது. மிஷனிலிருந்துதான் ஓய்வு என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மலை ஏறினார். மட்டக்குதிரை மேல் உட்கார்ந்து ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போவார். கல்வராயன்மலையிலும் வேலை செய்தார். 1974இல் 95 வயதில் இறந்தார், கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். கடைசி இருபது வருடம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை என்று மகன் சொல்லியிருக்கிறார். என்ன செலவாயிற்று என்று அவர் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சிலுவையை வாய் திறக்காமல் சுமப்பதுதான் அழகு. நீயும் சும, மகளே. மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.


ஊசிமுனை | செவ்வாய், காலை 9.05

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், கடைசி மூன்று வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

என் அம்மா அப்படித்தான் வாய் திறக்காமல் சுமந்தார். தாத்தாவுக்கு ஏழு வருடம், அப்புறம் பாட்டிக்கு நாலு வருடம். மார்பில் கட்டி இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. "இவங்கள விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது" என்றாராம், அதுவும் இறந்தபிறகு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடக்க ஆராதனையில் எல்லோரும் எழுந்து அவருடைய தியாகத்தைப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு ராத்திரி வந்து கண் விழித்தவர் இல்லை. அம்மாவுக்கு 51 வயது.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அந்த மகன், பால் பிராண்ட், அவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது, 1923இல், அவரையும் தங்கையையும் படிப்புக்காக லண்டனில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். பையன் அப்பாவை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அப்பா இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. அப்பா முன்னால் எழுதிப் போட்டிருந்த கடிதங்களோ கப்பலில் மெதுவாக வந்து, செத்த பிறகும் ஒவ்வொன்றாகக் கைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. பதினைந்துகூட முடியாத பையன். அந்த அன்புக்கு விலை கொடுத்ததில் அவனுக்கும் பங்கு உண்டு, அவனை யாரும் கேட்கவில்லை.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இயேசு தன் உயிரைப் பற்றி, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்" என்றார், நானே கொடுக்கிறேன் என்றார். மருமகளிடமிருந்து ஒரு குடும்பமே சேர்ந்து எடுத்துக்கொண்டு, அதற்கு வசனத்தால் உறை போடுவது வேறு.


கடற்காற்று | செவ்வாய், மதியம் 1.30

நான் தூத்துக்குடி பக்கம், கத்தோலிக்கன். ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன், இரண்டு பேருக்கும் உதவும்.

புனித தமியானைத் தெரிந்திருக்கும். பெல்ஜியத்துக்காரர். ஹவாயில் மொலொக்காய் தீவில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்திருந்த இடத்துக்கு 1873 மே மாதம் போனார், அப்போது 33 வயது. அங்கே போகும்படி யாருக்கும் கட்டளை போட ஆயருக்கு மனது வரவில்லை. போகச் சம்மதித்த நாலு குருக்கள் மாறி மாறிப் போவதாகத்தான் ஏற்பாடு. முதலில் போன தமியான், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஊசிமுனை சொன்ன 'நானே கொடுக்கிறேன்' அதுதான்.

அவர் வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். அவர்கள் சாப்பிட்ட பாத்திரத்திலேயே கை விட்டுச் சாப்பிட்டார். 1884 டிசம்பரில் ஒருநாள் கால் கழுவ வைத்திருந்த கொதிநீரில் காலை விட்டார், தோல் கொப்புளித்தது, வலிக்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. 1889 ஏப்ரல் 15 அன்று இறந்தார், 49 வயது.

எங்கள் பக்கம் எல்லா மேடையிலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். பாதிக் கதைதான் அது. 1888இல் அதே தீவுக்கு மரியான் கோப் என்ற பிரான்சிஸ்கன் கன்னியர் மடத்துத் தலைவி வந்து சேர்ந்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே ஆறு சகோதரிகளோடு ஹவாய் வந்து தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். உங்களில் யாருக்கும் இந்த நோய் வராது என்று சகோதரிகளுக்கு உறுதி சொன்னார். கை கழுவுவதில் கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. 30 வருடம் அந்தத் தீவிலேயே இருந்து 1918இல் 80 வயதில் முதுமையில் இறந்தார். அவருடைய சகோதரிகளில் ஒருவருக்கும் நோய் வரவில்லை.

திருச்சபை தமியானை 2009இல் புனிதர் ஆக்கியது, மரியானை 2012இல். நோயை வாங்கிக்கொண்டவரும் புனிதர், வாங்காமல் பார்த்துக்கொண்டவரும் புனிதர். எனக்கு வயது ஆக ஆக இரண்டாமவர் மேல்தான் பிரியம் கூடுகிறது.


பழைய_ஏர் | செவ்வாய், மாலை 4.15

ஊசிமுனை தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் மனது கனத்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். முழு மனது வந்த பிறகுதான் கொடுப்பேன் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் படுக்கையில் கிடப்பவருக்கு யார் கஞ்சி ஊட்டுவது? கடமை என்று ஒன்று இருப்பதால்தான் பாதி வீடுகளில் வயதானவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். செலவைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அன்பு வியாபாரமாகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு.


ஊசிமுனை | செவ்வாய், மாலை 4.40

கோபுரம் கட்டுகிறவன் முன்பு உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் யார் ஐயா? லூக்கா 14. அதுவும் சிலுவை சுமப்பதைச் சொன்ன அடுத்த வசனத்திலேயே.


மலையடிவாரம் | செவ்வாய், இரவு 9.10

சாயங்காலத்திலிருந்து இந்த இழையைத்தான் படிக்கிறேன். செம்பருத்தி, நான் உன்னை விடப் பெரியவள், பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

ஒரு தொழுநோய் மருத்துவமனையில் 26 வருடம் நர்ஸாக இருந்தேன். அதனால் பால் பிராண்ட் பெயர் எங்களுக்கு வீட்டுப் பெயர் மாதிரி. ஊசிமுனை சொன்ன அதே பையன்தான், டாக்டராகி 1946 கடைசியில் வேலூருக்கு வந்தார். அந்த நாளில் தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் டாக்டர்களே நம்பினார்கள். அவர் ஒவ்வொரு காயமாகத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். சதை தானாக அழுகவில்லை, நோய் நரம்பைச் சாகடித்ததும் வலி போய்விடுகிறது, வலி இல்லாததால் சுடுவதும் வெட்டுவதும் தெரியவில்லை, காயத்தோடேயே வேலை செய்து கையைத் தேய்த்துவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். ராத்திரியில் சிலருக்கு விரல் காணாமல் போனது. காத்திருந்து பார்த்தால், எலி கடித்திருக்கிறது! தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

மடங்கிப்போன விரலை நிமிர்த்த அவர் தசைநாணை மாற்றித் தைத்த ஆபரேஷனைத்தான் உலகம் பேசுகிறது. வார்டில் எங்கள் வேலை வேறு. தினமும் சாயங்காலம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து காலைத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி, அப்புறம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கணும். பார்வை மங்கியவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லணும். வலி சொல்லாததைக் கண்தான் சொல்லணும், அதுதான் எங்கள் பாடம். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரு தாத்தா காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். டம்ளரை வாங்கிப் பார்த்தால் நாலு விரலிலும் கொப்புளம். "என்ன தாத்தா இது" என்றால், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

நீ எழுதியதைத் திரும்பப் படித்துப் பார். மணிக்கட்டில் கொதிக்கிற கஞ்சி கொட்டியது, பாத்திரம் விளக்கும்போதுதான் கவனித்தேன், எனக்கு ஒன்றும் இல்லை.

அம்மா, உனக்கு நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீ மரத்துப்போயிருக்கிறாய். மூன்று வருடம் ராத்திரி இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்காத எந்த மனுஷிக்கும் மரத்துப்போகும். அத்தை மேல் அன்பு இல்லை என்கிறாய். இருக்கலாம், அந்த அதிரசத் தட்டு சின்ன விஷயம் இல்லை. ஆனால் மரத்துப்போன கையை வைத்துக்கொண்டு சூடா குளிரா என்று உன்னால் சொல்லவே முடியாது. முதலில் தூங்கு. அன்பு இருக்கிறதா இல்லையா என்று அப்புறம் பார்க்கலாம்.

விரிப்பை வெடுக்கென்று இழுத்தது தப்புதான், தலையில் இடித்திருக்கிறது. அதை இல்லை என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். அது உன் உள்ளங்காலில் இருக்கிற காயம். திருப்பிப் பார்த்துவிட்டாய், நல்லது.

பழைய ஏர் ஐயா, கிறிஸ்துவின் சரீரம் என்று பேசுகிறோமே, "ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும்" என்றுதானே அங்கே இருக்கிறது? பிரசங்க பீடத்திலிருந்து அவளைக் காட்டி எல்லோரும் திரும்பிப் பார்த்த அந்தச் சபையில், அந்த வாரம் யாருக்காவது வலித்ததா? ஒரு அவயவம் வெந்துபோவது மற்ற அவயவங்களுக்குத் தெரியாத உடம்பை நான் 26 வருடம் பார்த்திருக்கிறேன். அதைத் தியாகம் என்று நாங்கள் சொல்வதில்லை, நோய் என்றுதான் சொல்வோம்.


கடற்காற்று | செவ்வாய், இரவு 9.32

தமியானின் கொதிநீரை நான்தான் எழுதினேன், ஆனால் செம்பருத்தியின் கஞ்சியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நன்றி அம்மா.


செம்பருத்தி | புதன், அதிகாலை 2.15

இப்போதுதான் அத்தையைத் திருப்பிவிட்டு வந்தேன். மலையடிவாரம் அம்மா எழுதியதை மூன்று தடவை படித்தேன். கையில் கொப்புளம் உடைந்திருக்கிறது, பனையோலை சொன்ன பிறகு களிம்பு போட்டேன். அழுகை வந்தது. ரொம்ப நாள் கழித்து இன்றைக்குத்தான் அழுகிறேன் என்று நினைக்கிறேன்.


பழைய_ஏர் | புதன், காலை 6.05

ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை. ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன்.

வாய் திறக்காமல் சுமப்பது அழகு என்று எழுதினேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் வாய் திறந்தார். மூன்று சீஷரைக் கூட்டிக்கொண்டு போய், என் ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று அவர்களிடம் சொன்னார். என்னோடே கூட விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கினார்கள், மறுபடி வந்து எழுப்பினார். நாற்பது வருடமாக ஒவ்வொரு லெந்திலும் இந்தப் பகுதியை வாசிக்கிறேன், தூங்கின சீஷரைக் கண்டித்துத்தான் பேசியிருக்கிறேன். அவர் துணை கேட்டார் என்பது நேற்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அந்த ராத்திரி அவரே தனியாக இருக்க விரும்பவில்லை. உன்னைத் தனியாகச் சும என்று சொல்ல நான் யார்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி என் தாயாரை ஐந்து வருடம் பார்த்தாள். நான் அந்த ஐந்து வருடமும் ஊர் ஊராகச் செய்தி கொடுக்கப் போனேன். இன்று காலை காப்பியை நான் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டாள், பதில் சொல்ல வரவில்லை.


பனையோலை | புதன், காலை 8.40

சிரேனே ஊர் சீமோனையும் மறந்துவிட வேண்டாம். இயேசுவின் சிலுவையை அவனும்தான் தூக்கினான்.

அக்கா, வேலையைச் சொல்கிறேன். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள். கொழுந்தனிடம், மாதம் ஒரு சனி ஞாயிறு நீங்கள் வந்து இருக்கணும், பணம் மட்டும் போதாது என்று அண்ணனை விட்டுச் சொல்ல வையுங்கள். நாத்தனார் வந்தால் அழ விடாதீர்கள், முதலில் ஷீட் மாற்றச் சொல்லிக் கொடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செவ்வாய்தோறும் வீட்டு ஜெபம் வைப்பார்கள் அல்லவா, அந்த ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் நீங்கள் தூங்குகிற நேரமாக இருக்கட்டும், இரண்டு பேர் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கட்டும். காற்று அடைத்த மெத்தை வாடகைக்குக் கிடைக்கும், விசாரித்துப் பாருங்கள். அதைப் போட்டாலும் திருப்புவதை விடக்கூடாது, ஆனால் புண் பயம் கொஞ்சம் குறையும். வீட்டுக்காரருக்கு ராத்திரி ஒரு தடவையாவது முறை வையுங்கள். அது அவருடைய அம்மா.


மலையடிவாரம் | புதன், காலை 10.20

திருப்பும்போது முதுகை வளைத்துத் தூக்கக் கூடாது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லு. அத்தைக்கு அடியில் ஒரு பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் லேசாக வரும். உனக்கு முதுகுவலி இருக்கும், நீ எழுதவில்லை, ஆனால் இருக்கும்.


செம்பருத்தி | அடுத்த வியாழன், மாலை 5.30

இருக்கிறது அம்மா.

எல்லோருக்கும் பதில் போடணும் என்று நினைத்து நினைத்து ஒரு வாரம் ஓடிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரரை இந்த இழையைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, கடைக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி 2 மணிக்கு நான் எழுந்தபோது அவர் ஏற்கெனவே எழுந்து புடவையை மடித்துக்கொண்டிருந்தார். தப்பாகத்தான் மடித்தார், சொல்லிக்கொடுத்தேன். இப்போது 2 மணி முறை அவருடையது. செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பாட்டு சத்தம் கேட்டது வரைக்கும் ஞாபகம், அப்புறம் மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறேன். அவர்கள் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். நெற்றியில் இடித்த இடத்தைத் தொட்டுக் கேட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, புரிந்ததா என்றும் எனக்குத் தெரியாது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார், கொப்புளம் இருந்த இடத்திலேயே. நன்றாக வலித்தது. அவர் விடுகிற வரைக்கும் நான் இழுக்கவில்லை.

அதிரசம் இன்னும் ஞாபகம் வருகிறது. அதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.

கொழுந்தன் நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருப்பாராம். மேகம் கூடியிருக்கிறது, மொட்டை மாடியில் நாலு விரிப்பு காய்கிறது. எடுத்துவிட்டு வருகிறேன்.